கடற்கரைக்குச் சுடிதார்

“கடற்கரைக்கு ஆரம்மா சுடிதார் போட்டுக்கொண்டு போறது?”

மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் சிவசக்தி. லைப்சிக்கில் வேலை பார்ப்பவள், வார இறுதிக்கு டோர்ட்மண்டில் பெற்றோரின் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்களின் முப்பதாவது கல்யாண நாளுக்காக மூவருக்கும் கரீபியன் கப்பல் பயணம் ஒன்றைப் பதிவு செய்ததும் அவள்தான். கப்பல் செயின்ட் மார்ட்டின் தீவில் நிற்கும் வெள்ளிக்கிழமை எங்கே சுற்றுவது என்பதுதான் இப்போது பேச்சு.

“வெயில் எரிக்கும் பிள்ளை. சுடிதார் எண்டால் உடம்பை மூடும்,” என்றாள் அம்மா புஸ்பவதி.

“அப்ப அப்பாவும் ஒரு சுடிதார் போடட்டும்.”

அப்பா இராசலிங்கம் சிரிக்கவில்லை. “முதல் என்னென்ன இருக்கெண்டு வாசி.”

“ஒண்டு, பிளேன் தலைக்கு மேலாலை இறங்கிற கடற்கரை. நாள் முழுக்க அங்கைதான். மற்றது, காலமை பஸ்ஸிலை மலைக்கு மேலை பழைய கோட்டை, பிறகு கடற்கரை. எனக்கு முதலாவது.”

“ரெண்டாவது,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சிவசக்தி நிமிர்ந்து பார்த்தாள். “கோட்டையிலை என்னப்பா இருக்கு? உடைஞ்ச சுவரும் பீரங்கியும்.”

“சரித்திரம் இருக்கு.”

“கொலோனிலை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போக, கதிரையிலை இருந்து நித்திரை கொண்டனீங்கள். இப்ப சரித்திரமோ? நான் தேத்தண்ணி போடுறன். வாறதுக்குள்ளை யோசிச்சு வையுங்கோ.”

அவள் குசினிக்குள் போனதும் புஸ்பவதி குரலைத் தாழ்த்தினாள். “சந்தேகப்படுறாளோ?”

“உமக்கு ஏன் அந்தச் சுடிதார்க் கதை?”

“பின்னை? பொம்பிளை பாக்க வாற சனம், பிள்ளையை நீச்சல் உடுப்போடயோ பாக்கிறது?”

அதுதான் விஷயம். டொரொண்டோவில் இருக்கும் கணேசலிங்கத்தின் மகன் மதிசுதனின் சாதகம் போன மாதம் ஒரு தரகர் மூலம் வந்திருந்தது. பொருத்தமோ பொருத்தம். ஐரோப்பாவிலும் சில மாதங்கள் படித்தவன். விசாரித்தால், அந்தக் குடும்பமும் அதே வாரம் வேறொரு கப்பலில் வருகிறது, அதே வெள்ளிக்கிழமை அதே தீவில் இறங்குகிறது. ‘கடவுளே பாத்துச் செய்தது’ என்று புஸ்பவதி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

ஆனால் சிவசக்திக்குத் தெரியக்கூடாது. போன வருடம் ஒரு குடும்பம் வீட்டுக்கே பெண் பார்க்க வந்தபோது, ‘நான் கடையிலை வைச்ச சாமான் இல்லை’ என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனவள். இன்னொரு முறை இப்படிச் செய்தால் வீட்டுக்கே வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். அதனால் இரு வீட்டாரும் பேசிவைத்த இந்தச் சந்திப்பு, கோட்டையில் தற்செயலாக நடந்ததுபோல் நடந்தாக வேண்டும்.

“எப்பிடியும் நான் பாத்த பொடியனாத்தான் இருக்கவேணும்,” என்று முணுமுணுத்தார் இராசலிங்கம். “தம்பியின்ரை மகள் மாதிரி இவளும் தானே ஒருத்தனைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்தால், நான் கல்யாண மண்டபப் பக்கமும் போகமாட்டன்.”

புஸ்பவதி போனில் மதிசுதனின் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கு எத்தனையாவது தடவையோ.

“இஞ்சருங்கோ, இவன் ஆரைப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறான்?”

“கமராவைப் பாத்துத்தான்.”

“கமராவைப் பாத்து ஒருத்தரும் இப்பிடிச் சிரிக்க மாட்டினம்.”

“அதை விடும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகு காலம். அதுக்கு முன்னம் சந்திச்சுப் போடவேணும்.”

“எந்த ஊர்ப் பத்தரை? இஞ்சத்தையோ, அங்கத்தையோ?”

இராசலிங்கம் திகைத்தார். அதை அவர் யோசிக்கவில்லை. “அங்கத்தையாத்தான் இருக்கும்,” என்றார். “இராகு டோர்ட்மண்டிலை இருந்தோ பாக்கப்போறார்?”

சிவசக்தி தேநீரோடு வந்தாள். படம் அணைந்தது.

“கோட்டை பஸ் ஒன்பதுக்கும் போகுது, பதினொண்டுக்கும் போகுது. பதினொண்டைப் போடட்டோ?”

“ஒன்பது,” என்றார் இராசலிங்கம் அவசரமாக.

“லீவிலையும் விடியக் காலமை எழும்ப ஏலாதப்பா.”

“நான் எழுப்பிவிடுறன் பிள்ளை,” என்றாள் புஸ்பவதி கெஞ்சலாக.

சிவசக்தி பெருமூச்சு விட்டாள். “சரி. கோட்டை, ஒன்பது மணி, சுடிதார். எல்லாம் உங்கடை விருப்பம். ஆனால் அங்கை தெரிஞ்ச சனத்தைக் கண்டிட்டு என்னை நிப்பாட்டி வைச்சுக் கதைக்கக் கூடாது.”

இராசலிங்கத்துக்குத் தேநீர் புரைக்கேறியது.

“அந்தத் தீவிலை ஆரடி தெரிஞ்ச சனம்?” என்றாள் புஸ்பவதி, கணவனின் முதுகைத் தடவியபடி.

“தமிழர் இல்லாத இடம் எங்கையம்மா இருக்கு?” என்று சிவசக்தி பொத்தானை அழுத்தினாள். பதிவாகிவிட்டது. “கீழை உடுப்புக் காய்ஞ்சிருக்கும், எடுத்துக்கொண்டு வாறன்.”

கதவு சாத்தியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வென்றாகிவிட்டது. இராசலிங்கம் டொரொண்டோவுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார்.

நிலவறைப் படிகளில் சிவசக்தி உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

“ஒன்பது மணி பஸ், கோட்டை. எல்லாம் அப்பாவே கண்டுபிடிச்சது, சரியோ? நீ என்னை முதல்முதல் பாக்கிற மாதிரி முழிக்கவேணும்,” என்றாள். “அதுசரி மதி, தரகரிட்டைக் குடுக்க உனக்கு வேறை படமே கிடைக்கேல்லையோ? லைப்சிக்கிலை என்ரை சட்டையிலை ஐஸ்கிரீம் கொட்டுப்பட, நீ சிரிக்கச் சிரிக்க நான் எடுத்த படமடா அது.”