வெளிப்பக்கம் மடிந்த இலைகள்

யுத்த காலத்தில் சயாம் ரயில் பாதையில் ஜப்பான்காரனுக்குக் கங்காணியாக இருந்து, நம் கூலி ஜனங்களின் அரிசியை விற்றுத் தின்று அவர்களைப் பட்டினியிலேயே சாகடித்த வேலாயுதம், இப்போது ஸ்ரீரங்கத்தில் திருவேங்கடம் என்ற பெரிய மனிதர். கழுத்தில் துளசி மாலை, வாயில் நாராயணா.

சயாமில் பிழைத்து வந்த மருதை அவரை அடையாளம் கண்டு போலீசில் புகார் கொடுத்தான்.

"இவர்தான் அந்தக் கங்காணின்னு சொல்ல இன்னொரு சாட்சி வேணும்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

மற்ற சாட்சிகள் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்தார்கள்.

புகார் தள்ளுபடியான சந்தோஷத்தில் பெரிய மனிதர் சத்திரத்தில் விருந்து வைத்தார். இன்ஸ்பெக்டரும் வந்து சாப்பிட்டார். மருதை வாசலிலேயே நின்றான்.

கடைசி வரிசையில் சோறு காலியாகி, இலைகளெல்லாம் வெளிப்பக்கமாக மடிந்து கிடந்தன. எழவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள்.

"எவன்டா இப்படி மடிச்சது?" என்று கத்தினார் திருவேங்கடம்.

"ஆள் வர்றதுக்குள்ள சோத்தைப் போட்டுட்டேங்க. ஆனா அங்க யாருமே உட்காரலீங்களே" என்றான் பரிமாறிய அழகிரி.

புது இலை போட்டுப் பரிமாறச் சொன்னார். அவர் கண்ணெதிரிலேயே சோறு குறைந்தது. இலைகள் ஒவ்வொன்றாக மடிந்தன.

அப்போதும் அவருக்குப் பயத்தை முந்திக்கொண்டு வந்தது கஞ்சத்தனம்தான்.

"செத்தும் திங்க வந்துட்டானுங்களா? சயாம்லயே குழி வெட்டிப் புதைச்சேனே!"

இன்ஸ்பெக்டர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"அப்போ அந்தக் கங்காணி நீங்கதான். ஜீப்புல ஏறுங்க."

"நான் இன்னும் சாப்பிடலீங்க."

தனக்கென்று தனியாகப் போட்டிருந்த தலைவாழை இலையைப் பார்த்தார். அதுவும் வெளிப்பக்கமாக மடிந்திருந்தது.