பூட்டு எண்

பக்கத்து வீட்டு அக்கா பின்னால் என்னிடம் சொன்ன அன்றைய பேச்சை வார்த்தைக்கு வார்த்தை சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த எண் மட்டும் மறக்கவில்லை: 9363584.

“எங்க கல்யாணத் தேதிதான்டி அவர் போன்ல பூட்டு எண்ணா இருந்துச்சு. இப்ப இதை வச்சிருக்கார். பின்னால நின்னு பாத்தேன். திறந்தா, உள்ள எல்லாத்தையும் அழிச்சிருக்கார். யாரோ ஒருத்தி இருக்கா,” என்றாள் அக்கா.

அந்த வீட்டில் தங்கிக் கணித ஆராய்ச்சி செய்துவந்த தங்கை சிரித்தாள். “மாமா கணக்கு வாத்தியார்க்கா. அவருக்கு இருக்கற ஒரே சின்ன வீடு கணக்குதான்.”

“இது பகா எண்ணா?”

“இரட்டைப்படை எண் எப்படிக்கா பகா எண்ணாகும்? நீயும் கணக்கு டீச்சர்தானே!”

“அப்ப நிறை எண்ணா?”

“அதுக்கு வகுத்திகளைக் கூட்டினா அதே எண் வரணும். இது எண்ணைத் தாண்டிப் போயிடுது. நிறை எண்ணும் இல்ல. விடுக்கா.”

தங்கை குளிக்கப் போனாள்.

அக்காவுக்கு மனம் ஆறவில்லை. அந்த எண்ணை விட்டுவிட்டு, மற்ற வகுத்திகளையெல்லாம் தாளில் கூட்டினாள். 9437056 வந்தது. அதற்கும் அப்படியே கூட்டினாள். மறுபடி 9363584 வந்தது. இப்படி ஒன்றையொன்று தரும் ஜோடிக்குக் கணக்கில் நட்பு எண்கள் என்று பெயர்.

ஜோடியில் ஒன்று அவரிடம். மற்றது?

தனக்கு அரைமணி நேரம் பிடித்த கூட்டலை, தங்கை பேனாவைக்கூடத் தொடாமல் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

தங்கையின் போன் மேசைமேல் கிடந்தது. அக்கா 9437056 என்று அழுத்தினாள்.

திறந்தது.

அவர்கள் இருவரும் இப்போது வேறு ஊரில் சேர்ந்து வாழ்கிறார்கள். அக்கா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். அதே பள்ளியில் கணக்கு நடத்துகிறாள்.