எட்வினின் சந்தேகம்

"ஏலே எட்வின்! இந்த டிபார்ட்மென்ட் மானத்த வாங்கணும்னே அனுமந்தன்பட்டியிலருந்து பஸ் ஏறி வர்றியா?"

கணினித் துறைத் தலைவர் ஈஸ்வரபாண்டி கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. எந்த வகுப்பிலும் எட்வின் கை சும்மா இருந்ததில்லை.

"சார், லூப்புன்னா என்ன சார்?"

"சார், அந்த வரி எதுக்கு சார்?"

போன வருஷமே முடிந்துபோன சங்கதியையெல்லாம் எழுந்து நின்று கேட்பான். வகுப்பே சிரிக்கும். அவன் கூச்சமே இல்லாமல் பதிலை வாங்கிக்கொண்டு உட்காருவான்.

"அங்கன பாரு முத்துப்பேச்சிய. பண்ணைப்புரத்துப் பிள்ள, தமிழ் மீடியம். நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டுது. படிக்கிற பிள்ளைக்கு அதுதான் லட்சணம்."

பக்கத்து பெஞ்சிலிருந்த முத்துப்பேச்சி அதற்கும் தலையாட்டினாள்.

"நாளைக்கு நம்ம விழா. 'இது துறை அல்ல, குடும்பம்'. பெங்களூர்லருந்து நதியா மேடம் பேச வர்றாக. அங்கன வந்து நீ வாயத் திறந்தே, ப்ராஜெக்ட் டீம்லருந்து உன் பேரை எடுத்துருவேன். பெறகு ஒத்தையில கெடந்து முழி."

ஒருவனை ஒதுக்கி வைத்தால்தான் குடும்பம் ஒற்றுமையாக இருக்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு போலும்.

மறுநாள் கூடத்து வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் 'குடும்பம்' என்ற எழுத்தைவிட ஈஸ்வரபாண்டியின் படம் பெரிதாக இருந்தது. எல்லோரும் சமம் என்று காட்ட ஒரே நிறத்தில் டி-ஷர்ட் கொடுத்தார்கள். அளவும் ஒன்றேதான். ஒல்லிப் பிள்ளைகள் அதற்குள் காணாமல் போனார்கள்.

நதியா மேடம் மளமளவென்று ஆங்கிலத்தில் பேசினார். கம்ப்யூட்டரில் 'கன்டெய்னர்' என்று ஏதோ ஒன்றாம். கூடமே கப்சிப். வழக்கமாகத் தலையாட்டும் முத்துப்பேச்சிகூடப் பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் வரிசையில் ஈஸ்வரபாண்டி மட்டும் வாக்கியத்துக்கு வாக்கியம் தலையாட்டினார். அடுத்து அவர் மேடையேற வேண்டும். மேடம் சொன்னதன் சாரத்தைச் சுருக்கிச் சொல்லி நன்றியுரை.

எட்வின் நெளிந்தான். முதல் வரிசையைப் பார்த்தான். கையை மடக்கிக்கொண்டான். மறுபடி முதல் வரிசையைப் பார்த்தான்.

எழுந்துவிட்டான்.

"மேடம், கன்டெய்னர்னா என்ன மேடம்? எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

கூடம் கொல்லென்று சிரித்தது. ஈஸ்வரபாண்டி திரும்பி முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

நதியா மேடம் சிரித்தபடி தமிழுக்கு மாறினார்.

"கல்யாணத்துக்கு வர்ற சமையல்காரர் அண்டா, அடுப்பு, கரண்டி எல்லாத்தையும் கையோட கொண்டு வந்துட்டா, எந்த மண்டபத்துலயும் சமையல் நடக்கும்ல? அதே மாதிரி ஒரு ப்ரோகிராமை, அது ஓடத் தேவையான எல்லாத்தோடயும் சேர்த்துக் கட்டி அனுப்புறோம். எந்த மெஷின்ல பிரிச்சாலும் ஓடும். அவ்வளவுதான்."

"ஓ..." என்றது பின்வரிசை.

ஈஸ்வரபாண்டியின் தலை ஆடுவது நின்றது. பேனா அவசரமாக ஓடியது.

மேடையில் அவர் கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார்.

"சில மாணவர்களுக்கு இது புரிஞ்சிருக்காது. அவங்களுக்காக நான் எளிமையாச் சொல்றேன். கல்யாணச் சமையல்காரர் இருக்காரே..."

பலத்த கைதட்டல். இறங்கி வந்தவர் எட்வின் அருகில் நின்றார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளையிலருந்து நீ தனி ப்ராஜெக்ட்."

வெளியே வந்ததும் முத்துப்பேச்சி அவனை மறித்தாள். கண் கலங்கியிருந்தது.

"கூறு இருக்கா ஒனக்கு? புரியலைன்னா நான் பயத்துல தலையாட்டுவேன், அதப் பாத்து எனக்காக நீ கேப்ப, சரி. இன்னைக்கு நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான தலைய ஆட்டாமப் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்? பெறகு யாருக்காகக் கேட்ட?"

எட்வின் தொளதொள டி-ஷர்ட்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"முத வரிசையில நம்ம சாரு உன்னையவிட வேகமாத் தலையாட்டிக்கிட்டு இருந்தாக. மேடையேறி முழிக்கப் போறாகளேன்னு பாவமா இருந்துச்சு. என்ன இருந்தாலும் நம்ம குடும்பம்ல!"