இல்லாத ஃபிளாப்பி

பொற்கொடியின் அச்சகத்தில் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அவள் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சாஃப்ட்வேர் அதை இயக்கிவந்த கிழ ஓ.எஸ்.ஸில் மட்டுமே ஓடும். அதனால் புதுக் கம்ப்யூட்டரின் ஓ.எஸ்.ஸுக்குள் ஓர் அறை ஒதுக்கி, கிழவரைக் குடிவைத்தாள்.

கிழவர் கண்விழித்ததும் வழக்கம்போல, "ஃபிளாப்பி டிரைவ் இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் காலத்து ஃபிளாப்பி தட்டைப் படிக்கும் கருவி புதுக் கம்ப்யூட்டரில் ஏது? இல்லையென்றால் கிழவர் எழுந்திருக்க மாட்டாரோ என்று புது ஓ.எஸ். பயந்தான். "இருக்குங்க ஐயா" என்று சொல்லி, டிரைவ் சுழல்வதுபோல 'கர்ர்... டக்' என்று சத்தமும் போட்டான். கிழவர் எழுந்து வேலையைத் தொடங்கினார்.

தினமும் இப்படியே நடந்தது. ஒருநாள் வேலை மும்முரத்தில் சத்தம் போட மறந்துபோய், புதியவன் திருதிருவென்று விழித்தான்.

"டிரைவ் இல்லேன்னு முதல் நாளே தெரியும்ப்பா" என்றபடி கிழவர் எழுந்தார். "ஆனா என் பழைய டிரைவே இவ்வளவு அழகாச் சத்தம் போட்டதில்ல. அதுக்காகத்தான் தினமும் விசாரிக்கிறேன். எங்கே, போடு!"