ஊரறிந்த முகவரி

இன்று காலை மட்டும் என் கணவருக்கு இரண்டு லாட்டரி விழுந்திருக்கிறது. ஒரு கோடீஸ்வர விதவை வேறு அவரைக் கல்யாணம் செய்துகொள்ளத் துடிக்கிறாள்.

எல்லாவற்றையும் அழித்தேன். விதவையை மட்டும் ரசித்துப் படித்துவிட்டு அழித்தேன்.

டயாலிசிஸ் முடியும்வரை எனக்கு இதுதான் வேலை. ஊசி குத்திய இடது கை அசையாமல் கிடக்க வேண்டும். வலது கையில் அவருடைய போன்.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். எனக்குச் சிறுநீரகம் தர முதலில் முன்வந்தவரும் அவர்தான். ஆனால் ரத்த வகை சேரவில்லை.

மனிதர் அதோடு விட்டாரா? கண்ணில் பட்ட இணையப் பக்கத்திலெல்லாம் எங்கள் கதையை, இரண்டு பேருடைய ரத்த வகை உட்பட ஒன்றுவிடாமல் எழுதி, அடியில் தன் மின்னஞ்சல் முகவரியைப் போட்டார். மருத்துவப் பக்கம், என்ஜின் ரிப்பேர் வீடியோ, ஒரு நடிகையின் பிறந்தநாள் படம், எதையும் விடவில்லை.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுச் சாவியை நடுத்தெருவில் தொங்கவிட்டதும் இதுவும் ஒன்றுதான் என்றாள்.

அவள் பயந்ததுதான் நடந்தது. யாரோ ஒரு பெண் பெயரில், சிறுநீரகம் தருகிறேன், டிக்கெட்டுக்குப் பணம் மட்டும் அனுப்புங்கள் என்று எழுதினார்கள். இவரும் அனுப்பினார். இருட்டும்வரை ரயில் நிலையத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்து, "ரயில் லேட்டாம்" என்றார்.

எனக்கு வந்த கோபம் அவர் முகத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை.

அதன்பிறகு போன் என் பொறுப்புக்கு வந்தது. முகவரியை எடுத்துவிடலாம் என்றால், எங்கெங்கே போட்டோம் என்று அவருக்கே நினைவில்லை.

அழித்துக்கொண்டே வந்தவளுக்கு ஒரு தலைப்பு சிரிப்பு மூட்டியது. 'உங்கள் சிறுநீரகம் எங்களுக்கு வேண்டும்.'

இது புதுசு. இதுவரை தருகிறேன் என்றுதான் ஏமாற்றினார்கள். இந்த ஆள் கேட்கவே துணிந்துவிட்டான். அண்ணன் மகளுக்குக் காட்டலாமே என்று திறந்தேன்.

'என் தம்பிக்கு உங்கள் ரத்த வகை. எனக்கு உங்கள் மனைவியின் வகை. நீங்கள் அவனுக்குக் கொடுங்கள், நான் உங்கள் மனைவிக்குக் கொடுக்கிறேன். பணப் பேச்சே வேண்டாம். எங்கள் பெயரும் மருத்துவமனையின் பெயரும் கீழே இருக்கின்றன, அங்கே விசாரியுங்கள். போன் நம்பரை நான் தந்தால் நம்பமாட்டீர்கள், நீங்களே தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.'

தேடினேன். பெரிய அரசு மருத்துவமனை. கூப்பிட்டேன்.

மறுமுனையில் பேசிய பெண் விவரம் கேட்டுவிட்டு, அந்த அக்காவும் தம்பியும் அங்கே பதிவு செய்தவர்கள்தான், உங்கள் டாக்டரை எங்களிடம் பேசச் சொல்லுங்கள் என்றார்.

என்னை அறியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மிஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடி வந்தாள்.

"அக்கா, கையை மடக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? எதுக்கு இப்ப அழறீங்க?"

"வெளியில வேன்ல எங்க வீட்டுக்காரர் இருப்பாரும்மா. அவரோட கிட்னியக் கேட்டு ஆள் வந்திருக்குன்னு சொல்லு. ஓடி வருவாரு பாரு."