இரைச்சல் நீக்கி

மூன்றாவது மெயிலையும் அவள் திறந்துவிட்டாள்.

திறக்காமல் இருந்திருக்கலாம்.

எழுதியவர் பிலோமினா. பாளையங்கோட்டையில் தையல்கடை. இவள் வேலை பார்க்கும் கம்பெனியின் ஹியரிங் எய்டைத்தான் போட்டிருக்கிறார். அதை மாட்டினால் மனிதர் பேச்சு கேட்கிறது, தையல் மெஷினின் சத்தம் மட்டும் கேட்பதில்லை. போன வாரம் ஊசி முறிந்தது தெரியாமல் தைத்துக்கொண்டே போயிருக்கிறார். ஒரு கல்யாணப்பெண்ணின் பட்டு ரவிக்கை பாழ்.

கருவியின் மென்பொருளுக்குள் இரைச்சலை நீக்கும் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்தொகுப்பு, ஒன்று இருக்கிறது. விடாமல் ஓடும் சத்தமெல்லாம் அதற்கு இரைச்சல். யார் யாரோ எழுதி ஊருக்கே இலவசமாகக் கொடுத்தது. ஒரே நிபந்தனை: உங்கள் மென்பொருளோடு பிரிக்க முடியாதபடி அதைச் சேர்த்துவிட்டால், வாங்கியவர் கேட்கும்போது, அதை மாற்றித் திரும்பச் சேர்ப்பதற்கான கோப்புகளைக் கொடுத்துவிட வேண்டும்.

சேர்த்தது அவள்தான். தனியாக வைத்தால் ஆயிரம் தொல்லை என்று மாவில் உப்பைப்போலக் கலந்துவிட்டாள்.

நிபந்தனையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டதும் அவள்தான். அச்சடித்ததோடு கடமை முடிந்தது என்றுதான் ஆபீசில் எல்லோரும் நினைத்தார்கள்.

பிலோமினாவின் மருமகன் அதைப் படித்துத் தொலைத்துவிட்டான். கோப்புகளைக் கொடுங்கள், நானே மாற்றிக்கொள்கிறேன் என்கிறான்.

மேனேஜர் சந்தானம் முதல் மெயிலுக்குச் சொன்னதையே இரண்டாவதற்கும் சொன்னார்.

"ஒரு டெய்லரம்மா கோர்ட்டுக்கா போகப்போறாங்க? கண்டுக்காம விடும்மா. நீயா எதையாவது அனுப்பி வச்சே, அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அவளுக்குச் சலித்துவிட்டது. அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

வேறு வேலை தேடவும் தெம்பில்லை.

ஆனால் இந்த மெயிலையும் பார்க்காததுபோல உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய அலுப்பாக இருந்தது.

கோப்புகளை இணைத்தாள். கம்பெனி மெயிலிலிருந்தே. சந்தானத்துக்கும் ஒரு நகல்.

தாமதத்துக்கு மன்னிச்சிடுங்கம்மா என்று எழுதி, கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள்.

அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள். டீ ஆறிப்போகும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. உள்ளே, அவளுடைய மேசையருகில் சந்தானம். இவளைப் பார்த்ததும் அவர் வாய் வேகமாக அசைந்தது. கையும் சேர்ந்து ஆடியது.

ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறக்க, கழுத்திலிருந்த அடையாள அட்டையை அதில் வைத்தாள்.