வெல்மர் வீட்டுத் தொட்டி

ஸ்டெல்லாவுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுக்க, அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வெல்மரே வந்தார். இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆனவர்களை எழுப்பி, வீட்டுத் திரையில் டியூஷனுக்கு வைத்துக்கொள்வது அப்போது தூத்துக்குடியிலும் வழக்கமாகியிருந்தது.

“இத எதுக்கு சார் கண்டுபிடிச்சீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை. எவ்வளவு நேரத்தில் காலியாகும் என்று என் மனைவி தினமும் கேட்டாள். தெரிந்தால்தானே அவள் அடுத்த குடத்துக்குக் கிளம்பலாம்?”

பொதுத்தேர்வில் அதே கேள்வி வந்தது. ஸ்டெல்லா தொட்டியைப் பற்றி எழுதினாள். விடைக்குறிப்பிலோ ‘கோள்களின் பாதையைக் கணக்கிட’ என்றிருந்தது. இரண்டு மதிப்பெண் போயிற்று. அதனால் அவள் ஆசைப்பட்ட கல்லூரியும் கைநழுவியது.

வெல்மர் கொதித்துப்போனார். “எனக்குக் கிட்டப்பார்வை. வானத்தில் ஒரு கோளைக்கூட நான் பார்த்ததில்லை” என்று தன் பெயரிலேயே தேர்வுத் துறைக்கு எழுதி, மறுமதிப்பீடு கேட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது: ‘தங்கள் கூற்றுக்குப் பாடநூலில் ஆதாரம் இல்லை.’

“விடுங்க சார், அடுத்த வருசம் திரும்ப எழுதட்டும்” என்றாள் ஸ்டெல்லாவின் அம்மா ரோஸ்லின், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் வெல்மர் பாடநூலைத் திறக்கச் சொன்னார். தன்னைப் பற்றிய பக்கத்தை இரண்டு முறை வாசித்தார்.

“எழுதிக்கொள். கோள்களின் பாதையைக் கணக்கிட.”

“இது பொய்தானே சார்?”

“பொய்தான்” என்றார் வெல்மர். “மனப்பாடம் செய்துகொள். நான் செய்துவிட்டேன்.”